கம்பளி என்றொரு பானம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு வேலை போனில் புகார் எடுப்பது. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது என்று பதறுகிறவர்களிடம் பதறாமல் பேச வேண்டும். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று கேட்டு, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். வேலையை அவள் நன்றாகவே செய்தாள். ஆனால் நன்றாக வேலை செய்கிறவளை யாரும் தேடி வருவதில்லை. சேர்ந்து பல மாதம் ஆன பிறகும் மதியச் சாப்பாட்டுக்கு "வர்றீங்களா" என்று அவளைக் கூப்பிட ஆள் இல்லை. பக்கத்து சீட்டுப் பெண் மட்டும் பேசுவாள். அந்தப் பெண் எல்லோரிடமும் பேசுவாள், யாரும் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிடமும் பேசுவாள். அதனால் ஆபீஸில் அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர்.

மழைக்காலம் தொடங்கியதும் டீ மிஷின் கெட்டுப்போனது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற கம்பெனிக்குத் தன் டீ மிஷினைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. மேனேஜர் ஒரு கெட்டில் வாங்கி பேன்ட்ரியில் வைத்தார். கூடவே டீ பை, காபித்தூள், பால் பவுடர், சர்க்கரை. "கொஞ்ச நாளைக்கு அவங்கவங்க கலந்துக்கங்க" என்றார். அவரவர் கலந்துகொண்டது வாயில் வைக்க வழங்கவில்லை.

அவளுக்கு அந்தச் சின்ன அறை பிடித்துப்போனது. ஒரு சிங்க், ஒரு கெட்டில், தலைக்கு மேல் மூன்று கதவு வைத்த ஷெல்ஃப், அவ்வளவுதான். கணவனிடமிருந்து பிரிந்து வந்த பிறகு அவள் அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா நல்லவள்தான். ஆனால் அடுப்பு அக்காவுடையது. இவள் டம்ளரை எடுத்தாலே, "நீ உக்காரு, நான் போட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொள்வாள். தனக்கென்று ஒரு கரண்டிகூட இல்லாத வீட்டில் இருந்துவிட்டு வந்தவளுக்குக் கெட்டில் கொதிக்கும் சத்தம் ஏதோ சொந்தமாகத் தோன்றியது.

முதலில் தனக்காகத்தான் செய்தாள். டீயில் ஒரு சிட்டிகை காபித்தூள் போட்டுப் பார்த்தாள். மதியம் உரித்த ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துக் கிள்ளிப் போட்டாள். இருமல் மிட்டாய் ஒன்றைக் கொதிநீரில் கரைத்து, பார்சல் சாப்பாட்டோடு வந்த மிளகுப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினாள். பிஸ்கட்டை நொறுக்கிப் பால் பவுடரோடு குழைத்து, துளி உப்புச் சேர்த்து, மேலே சுடுதண்ணீர் ஊற்றினாள்.

ரேடியோ மோப்பம் பிடித்து வந்தாள். "அக்கா, என்ன வாசனை இது? எனக்கு ஒரு வாய் குடுங்க."

ஒரு வாய் கொடுத்ததுதான். ரேடியோ ஒலிபரப்பிவிட்டாள். மறுநாள் பேன்ட்ரி வாசலில் கப்போடு ஆட்கள் நின்றார்கள். பானங்களுக்குப் பெயரும் வைத்தார்கள். மிளகு போட்டதற்கு 'மேனேஜர் கோபம்'. பிஸ்கட் போட்டதற்கு 'சனிக்கிழமை'. மேனேஜரே வந்து, "எனக்கும் ஒரு மேனேஜர் கோபம் குடுங்க, லைட்டா" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

பேன்ட்ரிக்கு வந்தும் வரிசையில் நிற்காதவர் ஒருவர் இருந்தார். லிஃப்ட் போகும் கூண்டுக்கு வரைபடம் போடுகிற மூத்த வரைபடக்காரர். முந்தைய வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து, நீண்ட விடுப்புக்குப் பிறகு திரும்பியிருந்தார். கை கால் சரியாகிவிட்டது, பேச்சு மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும். யாரோடும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார், குடிக்க மாட்டார். பேன்ட்ரி காலியான நேரம் பார்த்து வந்து, மூடி போட்ட ஒரு கப்பில் ஏதோ கலந்துகொண்டு, சுவரைப் பார்த்த தன் மேஜைக்குப் போய்விடுவார்.

"சாருக்குத் தலைக்கனம்" என்றாள் ரேடியோ ஒரு நாள். "நம்ம கண்ணு பட்டுடும்னு கப்பை மூடியே வச்சிருக்காரு."

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தார்கள். இப்போதெல்லாம் அப்படிப் பார்க்கிறார்கள்.

"அது மூடி இல்லப்பா, ஹெல்மெட்" என்றாள். "கீழ விழுந்தாலும் தலைல அடிபடாது."

சிரிப்பு அடங்க நேரமானது. அதன் பிறகு அந்தக் கப்புக்கு ஹெல்மெட் என்றே பெயராகிவிட்டது.

மழை வலுத்தபோது அவள் கோக்கோ பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். ஆனால் பால் பவுடரும் தண்ணீரும் சேர்த்த கோக்கோ தண்ணியாக ஓடியது. கெட்டியாக்க ஏதாவது கிடைக்குமா என்று ஷெல்ஃபைத் துழாவினாள். மேல் தட்டில், பேப்பர் கப் கட்டுகளுக்குப் பின்னால், லேபிள் கிழிக்கப்பட்ட உருண்டை டப்பா ஒன்று இருந்தது. உள்ளே வெள்ளைப் பவுடர், ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டி. நாக்கில் வைத்துப் பார்த்தாள். ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. யாரோ எப்போதோ விட்டுப்போன மாவு என்று நினைத்தாள். ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். சிறிது நேரத்தில் கோக்கோ திரண்டு, ஸ்பூனில் எடுத்தால் மெதுவாக, பட்டுத்துணி மடிவதுபோல் விழுந்தது.

குடித்தவர்கள் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். "உள்ள போர்த்திவிட்ட மாதிரி இருக்கு" என்றாள் ரேடியோ. அப்படித்தான் அதற்குக் கம்பளி என்று பெயர் வந்தது.

அன்று முதல் மற்ற பானங்களை யாரும் கேட்கவில்லை. மூன்று மணி ஆனால் கம்பளி. டப்பாவில் பவுடர் சரசரவென்று இறங்கியது. தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு காலை டப்பா நிறைந்திருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். கையில் எடுத்துக் கனத்தையும் பார்த்தாள். யாரோ நிரப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. யார் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், 'அது என்னுது' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் வந்து போனது. ஆபீஸ் சாமான்தான், ஸ்டோரிலிருந்து வைத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கெட்டிலைப் போட்டாள்.

சில நாளில் டப்பா இடம் மாறியது. சிங்க்குக்குக் கீழே, துடைப்பத் துணிகளுக்குப் பின்னால் இருந்தது. கூட்டுகிறவர்கள் தள்ளி வைத்திருப்பார்கள் என்று நினைத்து அங்கிருந்தும் எடுத்தாள்.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு லிஃப்ட் போடும் ஒப்பந்தம் பேச ஆட்கள் வருகிற நாள் வந்தது. மேனேஜர் காலையிலேயே அவளிடம் வந்தார். "டீ காபி எங்கயும் கிடைக்கும். உங்க கம்பளி எங்க கிடைக்கும்? எல்லாருக்கும் போட்டுடுங்க. வந்தவங்க மறக்கக் கூடாது."

அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. டப்பாவைக் கவிழ்த்து, அடியைத் தட்டி, மொத்தப் பவுடரையும் போட்டாள். தட்டில் கப்புகளை அடுக்கிக்கொண்டு பேன்ட்ரியை விட்டு வெளியே வரும்போது வரைபடக்காரர் எதிரே வந்தார். கையில் மூடி போட்ட கப். அவர் தட்டைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

கூட்டத்தில் அவர்தான் வரைபடங்களை விரித்து வைத்து விளக்கினார். கூண்டின் அகலம், கதவின் அகலம், ஸ்ட்ரெச்சர் திரும்புவதற்கு எவ்வளவு இடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வந்தவர்கள் கம்பளியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்கள். அவருக்கு அவள் கப் வைக்கவில்லை, அவர்தான் குடிக்க மாட்டாரே. நெடுநேரம் பேசியதில் அவர் குரல் காய்ந்தது. வார்த்தைகள் பிசிறடித்தன. வந்தவர்களில் ஒருவர் அக்கறையாகத் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"குடிச்சுட்டுச் சொல்லுங்க சார். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் டம்ளரைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

இருமல் என்று சொல்ல முடியாது. முதலில் சத்தமே வரவில்லை. முகம் சிவந்தது, கண்கள் பிதுங்கின, மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் கிளம்பி, விடாமல் இருமினார். தண்ணீரும் எச்சிலும் வரைபடத்தின் மேல் தெறித்தன. மேனேஜர் முதுகில் தட்டினார். அவள் காலித் தட்டோடு சுவரை ஒட்டி நின்றாள். 'பாவம், புரையேறிடுச்சு' என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள்.

அவரை வரவேற்பறை சோபாவில் படுக்க வைத்து, வீட்டுக்குப் போன் செய்தார்கள். அவருடைய மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். உயரமான, நரைத்த தலையை இறுக்கிப் பின்னிய அம்மாள். கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக பேன்ட்ரிக்கு வந்தார். அவள் அங்கே கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவரோட பவுடர் டப்பா இங்கதானே இருக்கும்? தொண்டை நனையக் கொஞ்சம் கலந்து குடுக்கணும். நீங்க பாத்தீங்களாம்மா?"

"என்ன பவுடர்?"

"வெள்ளையா இருக்கும். தண்ணிய கெட்டியாக்குற பவுடர். அவருக்குத் தொண்டை ஒரு பக்கம் வேலை செய்யாது. தண்ணி, டீ எதுவா இருந்தாலும் அத போட்டு கெட்டியாக்கித்தான் குடிக்கணும். நேரா குடிச்சா மூச்சுக்குழாய்ல இறங்கிடும்." அவர் பேசிக்கொண்டே ஷெல்ஃபைத் திறந்தார், மூடினார். "இங்க யாருக்கும் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு பிடிவாதம். லேபிளைக்கூடக் கிழிச்சிட்டுத்தான் கொண்டுவருவாரு."

அவள் கையிலிருந்த கப் சிங்க்கில் நழுவியது. உடையவில்லை.

அம்மாளின் பார்வை கழுவாத கப்புகள் மேல் விழுந்தது. ஒன்றை எடுத்துச் சாய்த்தார். அடியில் மிச்சமிருந்தது மெதுவாக, மிக மெதுவாக, விளிம்பை நோக்கி ஊர்ந்து வந்தது. அவர் இன்னொரு கப்பை எடுத்துச் சாய்த்தார். வீட்டில் நாள் தவறாமல் பார்க்கிற விஷயம், அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வாரத்துக்கு ஒரு டப்பா தீருதுன்னு நான் அவரைத்தான் திட்டிட்டு இருந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. "அளவு தெரியாம போடறீங்களான்னு கேட்டேன். ஆமான்னாரு. ரெண்டு பஸ் மாறிப் போய் ஆஸ்பத்திரில கெஞ்சி வாங்கிட்டு வருவேன். கணக்குக்கு மேல தர மாட்டாங்க."

"அம்மா, எனக்குத் தெரியாது. நான் வந்து..."

"என்கிட்ட சொல்லாதீங்க. குடிக்க முடியாம கிடக்கிறது நான் இல்ல."

அவர் கப்பைச் சிங்க்கில் வைத்துவிட்டுப் போனார்.

வரைபடக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் காரணம் தெரியவில்லை. "பாவம், தண்ணி குடிச்சதுக்கா இப்படி" என்றாள் ரேடியோ. மூன்று மணிக்கு வழக்கம்போல் கப்புகள் வந்தன. பவுடர் தீர்ந்துவிட்டது என்றாள் அவள். "எந்தக் கடைன்னு சொல்லுங்க, நான் வாங்கிட்டு வரேன்" என்றார் ஒருவர். போன் அடித்தது நல்லதாகப் போயிற்று.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள். அத்தான் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தெரியாமத்தானேடி செஞ்ச. அதுக்கு ஏன் இப்படி உருகற?"

"டப்பா நிறைஞ்சிருந்தத பாத்தேன்க்கா."

"பாத்தா?"

"யாரோ வைக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. கேக்கல. கேட்டா நின்னு போயிடுமேன்னு கேக்கல."

அக்கா அவளைப் பார்த்தாள். மறுபடி காயை நறுக்க ஆரம்பித்தாள். அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்தாள். தன்னை எல்லோரும் தேடி வந்த அந்த மூன்று மணிகளையெல்லாம் நினைத்தாள். ஒவ்வொரு கப்பாக அவரிடமிருந்து எடுத்து நீட்டி, அதற்குப் பதிலாகச் சிரிப்பை வாங்கிக்கொண்டிருந்தது இப்போது கண்முன் வந்தது. கன்னம் எரிந்தது. ஆளில்லாத அறையில்கூட முகத்தை மூடிக்கொண்டாள்.

இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை உள்ளே போனாள். அவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அவளைப் பார்த்ததும் எழுந்து, "பேசிட்டு இருங்க" என்று வெளியே போனார். பேசுவதற்கு வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"சார், அந்தப் பவுடரை எடுத்தது நான்."

"தெரியும்."

"எப்பலேருந்து சார்?"

"முதல் வாரம். கரண்டில கோக்கோ ஒட்டியிருந்துது."

"கேட்டிருக்கலாமே சார்." சொன்னதுமே சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

அவர் மெதுவாகப் பேசினார். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு. "என்னன்னு கேக்கறது? 'அது என்னுது'ன்னா, 'எதுக்கு சார்'னு கேப்பீங்க. அம்பத்தாறு வயசுல தண்ணி குடிக்கத் தெரியலன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும். ஏற்கெனவே ஹெல்மெட்னு பேரு வச்சாச்சு."

அது அவர் காதில் விழுந்திருக்கும் என்று அவள் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அவர் மேஜைக்கும் பேன்ட்ரிக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான்.

"அந்தப் பேர் வச்சதும் நான்தான் சார்."

"குரல் தெரியும்மா. நாள் பூரா போன்ல பேசற குரல்தானே."

அவள் தலைகுனிந்து நின்றாள். கட்டில் சக்கரத்தில் சுற்றியிருந்த ஒரு நூலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் சார், நான் பண்ணினதுதான்னு" என்றாள்.

"சொன்னா உங்களுக்கு மனசு லேசாகும்" என்றார் அவர். "எனக்கு? என்ன பவுடர், எதுக்குப் பவுடர்னு அத்தனையும் வெளிய வரும். வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சரி சார்."

"பரவாயில்லன்னு நான் சொல்லல."

"தெரியுது சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் நின்றிருந்த மனைவி அவளைத் தாண்டி உள்ளே போனார்.

அப்படியாக அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. திட்டு வாங்கினால்கூடத் தேவலை போலிருந்தது, அதற்கும் வழி இல்லை. பேன்ட்ரிக்குப் போவதை விட்டாள். ஆரஞ்சுத் தோல் காய்ந்து சுருண்டு கிடந்தது, யாரோ குப்பையில் போட்டார்கள். "ரொம்ப கிராக்கி பண்ணிக்கறாங்க" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "ரெசிபி வெளிய போயிடும்னு பயம்" என்றார் இன்னொருவர். ரேடியோகூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மேனேஜர் புது டீ மிஷின் வரவழைத்தார். பழையபடி யாரும் அவளைத் தேடவில்லை.

வரைபடக்காரர் திரும்பி வந்தபோது இளைத்திருந்தார். தினமும் தன் மேஜைக்குப் போகும் வழியில் அவள் இருக்கையைக் கடப்பார். அவள் எழுந்து நிற்பாள். அவர் தலையசைப்பார், சில நாள் அதுவும் இல்லை.

ஒரு மதியம் அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது பேன்ட்ரியில் அவர் மட்டும் நின்றிருந்தார். அவள் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார். கப்பைக் காட்டினார். கோக்கோவில் கட்டி கட்டியாக மிதந்தது. "வீட்ல போட்டாலும் இப்படித்தான் ஆகுது. கட்டி தட்டாம எப்படிக் கலக்கினீங்க?"

அவள் உள்ளே வந்தாள். "முதல்ல சர்க்கரையோட வறட்டா கலந்துடணும் சார். அப்புறம் ஒரு கை தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும், ஒரு கை கலக்கிட்டே இருக்கணும். நிறுத்தக் கூடாது."

அவர் புதிதாக ஒன்று போட்டார். அவள் கெட்டிலைப் பிடித்து ஊற்றினாள், அவர் கலக்கினார். டப்பாவை அவள் தொடவில்லை. வாயில் வைத்துப் பார்த்து, "சர்க்கரை ஜாஸ்தி" என்றார்.

அந்த நேரம் பார்த்து ரேடியோ உள்ளே வந்தாள். கப்பை எட்டிப் பார்த்தாள். "என்ன சார், கம்பளியா? எங்களுக்கெல்லாம் இல்லன்னு சொல்லிட்டு உங்களுக்கு மட்டும் போடறாங்களா?"

மூடி மேஜை மேல் இருந்தது. அவர் கை அதை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"இது மருந்துப் பவுடர்ம்மா" என்றார். "எனக்கு வெறும் தண்ணி இறங்காது. அன்னிக்கு கூட்டத்துல அதான் ஆச்சு. இது போட்டாத்தான் குடிக்க முடியும்."

அதோடு நிறுத்திக்கொண்டார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரேடியோ கப்பைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"அதேதான்" என்றாள் அவள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "கம்பளில போட்டது இவரோட பவுடர். நான் யாரையும் கேக்காம எடுத்தேன். கூட்டத்தன்னிக்கு மொத்தத்தையும் தீர்த்துட்டேன். அதனாலதான் இவர் வெறும் தண்ணி குடிச்சாரு."

ரேடியோ தன் கப்பை எடுத்துக்கொண்டு, மிஷினில் ஒன்றும் பிடிக்காமல் வெளியே போனாள்.

சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலர் அவளைப் பார்க்காமல் போனார்கள். சிலர் பார்த்துவிட்டுப் போனார்கள், அது இன்னும் மோசம். மேனேஜர் கூப்பிட்டு, கடுமையாக ஒன்றும் சொல்லாமல், "என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பில் போடுகிற அம்மாள் அருகில் வந்து, "நாங்களும்தானே குடிச்சோம்" என்று மெதுவாகச் சொல்லி அவள் தோளைத் தொட்டார். அந்தக் கையை ஏற்றுக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. தட்டிவிடவும் மனம் வரவில்லை.

மறுநாள் வரைபடக்காரர் மதியச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். கப்பைத் திறந்தே வைத்திருந்தார். அவர் பக்கத்தில் யாரோ நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், மழை எப்போது விடும் என்று பேச்சு தொடங்கியது. அவள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சற்றுத் தள்ளி மேஜையின் மறு கோடியில் உட்கார்ந்தாள். யாரும் அவளை வா என்று கூப்பிடவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை. முகத்தில் சூடு அப்படியே இருந்தது. குனிந்தபடியே சாப்பிட்டாள், கடைசிப் பருக்கை வரை.